கலங்காத போத்தல்

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே போகிற மண் சடக்கில், கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடுதான். முன்னால் மருந்து கொடுக்கும் அறை. பின்னால் இரண்டு கட்டில். அதற்கும் பின்னால் நான் நின்று கழுவுகிற தொட்டி. எழுபதுகளில் அங்கேதான் எனக்கு வேலை. அதற்கு முன் பால் ஸ்டோரில் இருந்தேன். பால் உறைய ஊற்றுகிற அசிட் பட்டுப் பட்டுக் கை புண்ணாகி, ஆறவே இல்லை. துரை என்னை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்திருந்தேன், பெயர் எழுதத் தெரியும், அது போதும் என்றார்கள்.

கூட்டுவது, துடைப்பது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டுவது. இவைதான் என் வேலை. நான் அதிகம் பேசமாட்டேன். ஆம்பளைகள் உள்ளே வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த இன்னொரு வேலை, பெண்கள் கொண்டுவருகிற மூத்திரப் போத்தலை வாங்கி வைப்பது. இந்த வார்த்தையை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆனால் இதை எழுதாமல் என் தங்கச்சியின் பிள்ளை எப்படிப் போனது என்று சொல்ல முடியாது.

தோட்டத்துப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு என்பது தடுமல் மாதிரி. விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போனால், பால் எடுத்து நிறுக்கிற வரைக்கும் வெளிக்குப் போக இடம் கிடையாது. நிரைக்கு நிரை, வேலையைக் கண்காணிக்கிற மண்டோர் வந்துகொண்டே இருப்பார். மரத்துக்குப் பின்னால் உட்காரப் பயம், பாம்புக்கும் பயம், மனுஷனுக்கும் பயம். அதனால் யாரும் தண்ணி குடிக்கமாட்டார்கள். குடிக்காமலே வேர்த்து வேர்த்து, அடக்கி அடக்கி, சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நெருப்பாக எரியும். அதை வெளியே சொல்லமாட்டார்கள். 'சூடு பிடிச்சிருக்கு' என்பார்கள். அதற்கு மேல் கேட்கவும் கூடாது.

தோட்டத்துக்கென்று டாக்டர் கிடையாது. டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். நான் சேர்ந்தபோது இருந்த பழைய டிரெஸ்ஸர் தமாஷ்காரர். யார் என்ன சொன்னாலும், "கையிலயா, இடுப்புலயா?" என்றுதான் கேட்பார். பென்சிலின் ஊசி ஒன்று. அவ்வளவுதான். பல்வலிக்கும் அதே, சூட்டுக்கும் அதே. ஊசி குத்தினால் சனங்களுக்கு ஒரு திருப்தி. அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது பெண்கள் அழுதார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர் யாழ்ப்பாணத்து ஆள். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவராம், ஆனால் பேச்சு முழுக்க அவர்கள் வீட்டுப் பேச்சு. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருப்பார். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து காரில் வந்துபோகிற டாக்டர், எந்த நோவுக்கு எந்த மருந்து, எதைப் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும், யாரை ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும் என்று இங்கிலீஷில் அடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். பழையவர் அதை மருந்து அலமாரிக்குள் விரித்து, மேலே போத்தல்களை அடுக்கியிருந்தார். புதியவர் அதை எடுத்துத் துடைத்து, மேசைக்கு நேரே சுவரில் ஒட்டினார்.

நீர்க்கடுப்பு என்று வந்தால் முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தைக் காய்ச்சுவார். ஒரு சொட்டு அசிட் விடுவார். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கினால் நோவு இருக்கிறது. வெள்ளை மாத்திரை கொடுப்பார், எரிச்சல் நின்றாலும் கொடுத்ததை முழுக்க விழுங்கி முடிக்க வேண்டும் என்பார். கலங்காவிட்டால் மாத்திரை இல்லை. பார்லித் தண்ணி, மிக்ஸ்சர் மருந்து, அவ்வளவுதான். முழுகாமல் இருக்கிறவளுக்குக் கலங்கினால் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டும். ஊசி இந்த நோவுக்குக் கிடையவே கிடையாது. தாளில் உள்ளதை அவர் எனக்குத் தமிழில் சொல்லித் தந்தார், பெண்கள் கேட்டால் நான் சொல்ல வேண்டும் என்பதற்காக.

பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. போத்தலைப் பால் வாளிக்குள் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடிக்கொண்டு பின்வாசலுக்கு வருவார்கள். என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவார்கள். எங்கள் வரிசை லயத்தில் ஓர் அக்கா இருந்தார், வாய்த்துடுக்கு. ஒருநாள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே கேட்கிற மாதிரியே சொன்னார்.

"ஏம்மா, உங்க டிரெஸ்ஸரு எல்லாரு மூத்திரத்தையும் வாங்கி அடுப்புல ஏத்துறாரே, என்னா, சம்சு காய்ச்சுறாரா? காய்ச்சுனா எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு கிளாஸ் குடுக்கச் சொல்லுலா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உள்ளேயிருந்து டிரெஸ்ஸர் குரல் கேட்டது.

"உங்கட வீட்டுக்காரருக்கு நான் காய்ச்சிக் குடுக்கத் தேவையில்லை, அக்கா. அவர் தானாகவே தேடிக் குடிப்பார்."

அந்த அக்காவே சிரித்துவிட்டார். ஆனால் லயத்துக்குப் போய், ஊசி போடத் தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் சொன்னார்.

எனக்கு ஒரே தங்கச்சி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எங்கள் இருவரையும் வளர்த்தது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. தான் சாப்பிடாமல் எங்களுக்குப் போட்டவர். தங்கச்சியைத் தன் மகனுக்கே கட்டிக்கொண்டார். கட்டி வருஷங்கள் ஓடியும் அவளுக்குத் தங்கவில்லை. இரண்டு மூன்று முறை வந்து வந்து கலைந்துவிட்டது. தோட்டத்துக் கோயிலில் தொட்டில் கட்டினாள். ஈப்போவில் கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தாள். அந்த முறை நாலு மாசம் தாண்டி, ஐந்து தாண்டி, வயிறு தெரிய ஆரம்பித்ததும் அத்தை அவளைப் பாலுக்கு மரம் வெட்டப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார். வாசற்படியில் அவள் உட்கார்ந்தால் கூட, "எந்திரிச்சு உள்ள போடி, எவ கண்ணாச்சும் படும்" என்பார். அந்தப் பிள்ளை எப்படியாவது பிறந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

ஏழாம் மாசம் வந்த சமயம். பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது தங்கச்சி என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, எரியுதுக்கா. உக்காரவே பயமா இருக்கு."

"எத்தன நாளாடி?"

"கொஞ்ச நாளா. முதுகும் வலிக்குது. அத்தைகிட்ட புள்ள சூடுன்னு சொன்னேன். எண்ணெய் தேச்சு விட்டுச்சு."

நான் அன்றைக்கே டிரெஸ்ஸரிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், தரையைப் பார்த்துக்கொண்டு, பாதியை விழுங்கிக்கொண்டு சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"முழுகாமல் இருக்கிற பிள்ளையோ? எத்தனை மாசம்? நாளைக்கே போத்தல் கொண்டு வரச் சொல்லும். அவவையும் வரச் சொல்லும்."

சுத்தமான போத்தலைக் கழுவிக் காயவைத்து நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் அத்தை வாளிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். தங்கச்சி வெளியே செரி மரத்தடியில் நின்றாள், உள்ளே வரவில்லை. டிரெஸ்ஸர் காய்ச்சினார். அசிட் விட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருந்தது. மீண்டும் ஒருமுறை காய்ச்சினார். அப்போதும் கலங்கவில்லை.

"அவவை உள்ள வரச் சொல்லுங்கோ அம்மா. முதுகை ஒருக்கா அமத்திப் பாக்க வேணும்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதெல்லாம் வேணாங்கய்யா. புள்ளத்தாச்சி. ஆம்பள கை படக்கூடாது. தண்ணிதான் நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, சரியாப் போயிடும்."

"ஊசி இதுக்குக் குடுக்கிறதில்லை. நீரிலை ஒண்டும் இல்லை. வயித்திலை பிள்ளை இருக்கேக்கை கண்டபடி மருந்து குடுக்கேலாது."

"பழைய டிரெஸ்ஸரு குடுத்தாருங்களே."

"அவர் குடுத்தார். நான் குடுக்கமாட்டன்."

மிக்ஸ்சர் கொடுத்தார். பார்லி காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். அத்தை போன பிறகு வெகு நேரம் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "முதுகு நோகுது எண்டு சொன்னீர்தானே?" என்று என்னிடம் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு போத்தல் வேண்டும் என்றார். இந்த முறை அவளே வந்து ஆஸ்பத்திரிக் கக்கூஸில் போய்க் கொடுக்கட்டும் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நோவுக்காரங்க போற எடம். என் புள்ள அங்க காலு வைக்கமாட்டா." வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். அதுவும் தெளிவாகவே இருந்தது.

"குளிர் காய்ச்சல் வந்தால், நடுங்கினால், உடன எனக்குச் சொல்ல வேணும்," என்றார் டிரெஸ்ஸர். அதை நான் தங்கச்சியிடம் சொன்னேன், அத்தையிடமும் சொன்னேன்.

நடுக்கம் வந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம். அத்தை அதைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளவில்லை, காத்து கருப்பு என்று நினைத்துவிட்டார். முதல்நாள் அவள் உச்சிப் பொழுதில் ஆற்றுப் பக்கம் போய் வந்திருந்தாளாம். பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்து, வேப்பிலை வைத்து, கையில் கயிறு கட்டியிருந்தார். மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது மூன்று போர்வைக்குள் பல் கிட்டிப்போய்க் கிடந்தாள். தொட்டால் சுட்டது. நான் வந்த வழியே ஓடினேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒரு ஆம்பளையின் முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

டிரெஸ்ஸர் ஆபீசுக்கு ஓடி ஈப்போவுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. பால் ஏற்றுகிற லாரியில் மெத்தையைப் போட்டு ஏற்றினோம். அவரும் பின்னால் ஏறினார். சடக்கு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் அவர் மெத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அந்தப் பூட்டிய சட்டை முழுக்கப் பால் வாடையும் செம்மண்ணும். அத்தை, தான் மகளாக வளர்த்தவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊசி, ஒரே ஒரு ஊசி கேட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பிள்ளை அன்றைக்கே பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. கொஞ்ச நேரம் இருந்தது என்று சொன்னார்கள். நீரில் இருந்த கிருமி மேலே ஏறி, முதுகுப் பக்கம் உள்ள சிறுநீரகத்தைப் பிடித்து, அந்தக் காய்ச்சலில்தான் பிள்ளை தங்கவில்லை என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி எனக்கு மலாயில் விளக்கினாள். தங்கச்சியை மட்டும் காப்பாற்றி வைத்தார்கள்.

அவள் புருஷன் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி, தூங்குகிற பிள்ளை என்று நினைத்து எட்டிப் பார்த்தாளாம். இதை அவன் பல வருஷம் கழித்துத்தான் சொன்னான்.

ஆற்றோரத்தில் புதைத்தார்கள். டிரெஸ்ஸரும் மழையில் குடையோடு வந்தார். பெண்கள் நாங்கள் தள்ளி நின்றோம், ஆனால் பேச்சு கேட்டது. தங்கச்சி புருஷன் அவரைப் பார்த்து நடந்து போனான். கத்தவில்லை.

"நீங்க வராதீங்கய்யா. எங்கம்மா உங்க வாசல்ல நின்னு கேட்டிச்சு. ஒரு ஊசிக்குக் கேட்டிச்சு. நீங்க தாளப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தம்பி, நீர் சுத்தமா இருந்தது. நான் ரெண்டு தரம் பாத்தன்."

"சுத்தமா இருந்தா எம்புள்ள ஏன்யா செத்துச்சு?"

கூட்டத்தில் யாரோ, "துரை வீட்டு நாய்க்குன்னா ஊசி போட்டிருப்பாரு" என்றார்கள். டிரெஸ்ஸர் குடையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். மழை விடவில்லை. ஏன் மடக்கினார் என்று தெரியாது.

தங்கச்சி வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் குளிப்பாட்ட நானும் அத்தையும் நின்றோம். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லை. அத்தை பீய்ச்சி ஒரு கிண்ணத்தில் எடுத்து, வெளியே கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். அடுப்புப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். தாய்ப்பால் நெருப்பில் பட்டால் மாரில் பால் வற்றிவிடும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. இனி வற்றினால்தான் நல்லது என்கிற நேரத்திலும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"எப்படிடி போச்சு? நான் எவ்வளவு சூதானமா இருந்தேன். கண்ணு படாம வச்சேன். அந்தாளு மூத்திரத்த நெருப்புல வச்சுக் காய்ச்சுவாருன்னு தெரிஞ்சதும், அவளோடத ஒரு சொட்டு அங்க போக விட்டேனா? வயித்துப் புள்ளக்காரியோடத அடுப்புல வச்சா கரு தாங்குமா? வெந்து போயிடாது? அவளோடத முருங்கையடியில ஊத்திட்டு, என்னோடதத்தான்டி குடுத்தேன். ரெண்டு தடவையும். அப்புறமும் எப்படிடி போச்சு?"

என்னையே பார்த்தார். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். "உள்ள போங்க அத்தை, பனி கொட்டுது" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கடைசி ஆள் போகிறவரை காத்திருந்தேன். தொட்டியில் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துத் திரும்பியபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"உம்முடைய அத்தைக்கு இது விளங்கினதோ?"

"இல்லைங்கய்யா. அவங்க நல்லது செஞ்சதாத்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்ப விளங்கப்படுத்த வேண்டாம்."

"எல்லாரும் உங்களத்தான் பேசறாங்க."

"பேசட்டும். எனக்கு மாத்தல் வாங்கிக்கொண்டு போக இடம் இருக்கு. அவவுக்கு எங்க இருக்கு? உம்முடைய தங்கச்சியும் அந்த வீட்டிலைதானே இருக்க வேணும்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். செரி மரத்தடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீரைப் பாக்கச் சொல்லி எழுதியிருந்தது. பாத்தன். ஆனால் உம்முடைய தங்கச்சி அங்கதானே நிண்டவ. கூப்பிடு தூரத்திலை. முதுகு நோகுது எண்டு நீரும் சொன்னீர். போத்தலை நம்பினன்."

அதற்குப் பிறகு அவர் அந்தச் சோதனையை நம்பவில்லை. யாராவது சூடு என்று வந்து நின்றால் உடனே வெள்ளை மாத்திரை. காய்ச்சுவது கிடையாது. ஊசி கேட்டால் ஊசி. "இடுப்பிலையோ, கையிலையோ?" என்று அவரும் கேட்க ஆரம்பித்தார், ஆனால் அதில் தமாஷ் இல்லை. பெண்களுக்குச் சந்தோஷம். "அடிபட்ட பொறவுதான் மனுசனுக்குப் புத்தி வருது" என்றார் அந்த வாய்த்துடுக்கு அக்கா, பின்வாசலில் நின்று. டிரெஸ்ஸர் காதில் விழுந்திருக்கும். உள்ளே மாத்திரை எண்ணுகிற சத்தம்தான் கேட்டது. சுவரில் ஒட்டிய தாள் அங்கேயேதான் இருந்தது. ஓரத்தில் பல்லி முட்டையிட்டது.

ஈப்போ டாக்டர் வந்தபோது மாத்திரை ஏன் இப்படிக் கரைகிறது என்று இங்கிலீஷில் கேட்டிருக்க வேண்டும். குரல் ஏறியது. பிறகு என் பக்கம் திரும்பி, "போத்தோல் மானா?" என்றார். போத்தல்கள் எங்கே என்று மலாயில் கேட்கிறார். நான் தொட்டிக்கு மேலே பலகையில் கவிழ்த்து வைத்திருந்ததைக் காட்டினேன். விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், தூசி. டிரெஸ்ஸர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டருக்கு விளங்கியிருக்கும். சொல்லவில்லை. கொஞ்ச காலத்தில் மாற்றல் கேட்டு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று யாரும் அழவில்லை. நான் அவருடைய குடையைக் கொண்டுபோய் லாரியில் வைத்தேன். "உடம்பைப் பாத்துக்கொள்ளும்" என்றார். "தங்கச்சியையும்."

தங்கச்சிக்கு எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவுடன் மாத்திரை. எரிச்சல் நின்றதும் மிச்சத்தை மைலோ டின்னில் போட்டு வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்தால் அதிலிருந்து இரண்டு கொடுப்பாள், தனக்கு வந்தால் அவளிடமிருந்து வாங்குவாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான். புது டிரெஸ்ஸர்கள் வந்தார்கள், போனார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பிள்ளையும் அதற்குப் பிறகு தரிக்கவில்லை.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். வீடு கட்டப் போகிறார்கள் என்று மரத்தைத் தள்ளினார்கள். நாங்கள் எல்லோரும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங் பக்கம் பலகை வீடுகளில் வாடகைக்கு இருந்தோம். தங்கச்சி பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. தங்கச்சிதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடைசிவரை வைத்துப் பார்த்தாள். ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒன்ன நான் தூக்கிக் குடுக்கலியேடி" என்பார். "அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க" என்பாள் இவள்.

அத்தை போய் வருஷம் திரும்பவில்லை, தங்கச்சிக்கு மறுபடி அந்தக் குளிர் நடுக்கம் வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு இளவயது டாக்டரம்மா, தமிழ்ப் பிள்ளை. இத்தனை வருஷமாக என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். தங்கச்சி, வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பாதி கறுப்புப் பாதி சிவப்பு என்று கையால் காட்டினாள்.

"முழுசா சாப்பிட்டு முடிப்பீங்களாம்மா?"

"எரிச்சல் நின்ன பொறவு எதுக்கு டாக்டர்?"

டாக்டரம்மா கோபிக்கவில்லை. உடம்பில் இருக்கிற கிருமி அந்த மாத்திரைகளுக்கெல்லாம் பழகிவிட்டது, இனி அவை கேட்காது, ஒரு பக்கத்துச் சிறுநீரகம் சுருங்கிப் போயிருக்கிறது, படுக்கையில் சேர்த்து வேறு மருந்து ஏற்ற வேண்டும் என்றாள். பிறகு, இனிமேல் பிள்ளைக்கு ஆசைப்பட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். தங்கச்சிக்கு அப்போது நாற்பதைத் தொடுகிற வயது. ஆசை இன்னும் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

படுக்கை காலியாகும்வரை வெளியே பெஞ்சியில் உட்காரச் சொன்னார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடியே பேசினாள்.

"அக்கா, தோட்டத்துல அந்தப் போத்தல்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அத்தை மாத்திச்சு. எனக்குத் தெரியும். நான் குடுத்தத வாங்கிட்டுப் போயி முருங்கையடியில ஊத்தறத அடுப்படி சன்னல்லேருந்து பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"எனக்கும் பயம்லா. நெருப்புல வைப்பாங்கன்னு நீதானே சொன்ன, விளக்குல புடிச்சுக் காய்ச்சுவாருன்னு. எத்தன புள்ள போயிருக்கு எனக்கு. இதாவது நிக்கட்டும்னு நானும் பேசாம இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில அந்த மிஸ்ஸி சொன்னப்பத்தான் புரிஞ்சுச்சு." குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அத்தைக்குப் புரிஞ்சிருக்குமாக்கா?"

"இல்ல. கடைசி வரைக்கும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

மூச்சை விட்டாள். "அது போதும்." பிறகு, "அந்த ஐயாவ நெனச்சாத்தான். அவ்வளவு பேச்சு கேட்டாரு. எங்க வீட்டு ஆளு வேற அப்படிப் பேசிட்டாரு. அவருக்காவது யாராச்சும் சொல்லியிருக்கலாம்."

"நான் சொன்னேன்டி. மறுநாளே சொன்னேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா அவரு வாயத் தொறக்கல?"

"நீ அந்த வீட்டுலதான் இருக்கணும்னு சொன்னாரு."

அவள் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பிள்ளை பெற்றவர்களின் வார்டு. கதவு திறந்து மூடும்போதெல்லாம் பச்சைப்பிள்ளைச் சத்தம் வந்தது. மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தி, படுக்கை காலியென்று இவள் பெயரைப் பாதி விழுங்கிக் கூப்பிட்டாள். தங்கச்சி எழுந்தாள். ரப்பர் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு உள்ளே போனாள்.